புல்மோட்டை மணலை அளந்து சொல்லுங்கள்!

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை அறியாதார் இலர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஐரோப்பியர் மாறி மாறிப் பிடித்த துறை அது. ஆனால், அத்துறைமுகத்திலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்னும் ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 55 கிலோமீற்றர் சென்றால் வரும் புல்மோட்டைக் கடற்கரையின் பெருமையை அறிந்தார் நம்மவருள் எத்தனை பேர்? அங்கே கரை வெண்மையாக இராது. கரிக்குப் பொடி தூவியது போலக் கறுத்துக் கிடக்கும். அந்தக் கருமணல், உலகச் சந்தையிலே விலை பேசப்படும் கனிய மணல். அதற்குள்ளே, ஆயிரத்தில் மூன்று பங்கு என்னுமளவே கலந்து கிடக்கும் தேன் நிறத்து மணி ஒன்று உண்டு. அதன் பெயர் மொனசைட்டு. அரியதொரு பொசுபேற்றுக் கனியம் அது. அதைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம்.

ஒரு செல்வம் ஒரு மண்ணிலே கிடப்பதனால் மட்டும் அம்மண்ணின் மக்களுக்கு அது உரியதாகிவிடாது. அதன் பெயரை அறிய வேண்டும். அதன் அளவை அறிய வேண்டும். அதன் விலையை அறிய வேண்டும். அதனால் விளையும் தீங்கையும் அறிய வேண்டும். அறியாதவன் கையிலிருக்கும் மாணிக்கம் கூழாங்கல்லே. புல்மோட்டை மக்களும், திருகோணமலை மாவட்டத்து மக்களும் தங்கள் மணலைப் பற்றி இந்நான்கையும் அறிய உரிமை உடையவர்கள் என்பதே எமது வாதம்.

மொனசைட்டு என்பது யாது?

1829 ஆம் ஆண்டிலே செருமனிய அறிஞர் பிரைத்தாப்பு என்பார் இக்கனியத்துக்கு இப்பெயரைச் சூட்டினார். தனித்திருத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். சீரியம், இலந்தனம், நியோடிமியம், பிரசியோடிமியம் முதலான அருமண் மூலகங்கள் பொசுபேற்றுடன் கூடி உண்டான உப்பு இது. தோரியம் என்னும் கதிர்வீச்சுடைய மூலகமும் இதனுள் கலந்திருக்கும். தென்னிந்தியக் கரையோர மொனசைட்டிலே அருமண் ஒட்சைட்டுகள் நூற்றுக்கு 55 முதல் 60 பங்கும், தோரியம் ஒட்சைட்டு 8 முதல் 10 பங்கும், யுரேனியம் அரைப் பங்குக்கும் குறைவாகவும் உள்ளன.

மஞ்சளும் செம்பழுப்பும் கலந்த நிறம். பிசின் போன்ற மினுக்கம். கண்ணாடியை ஒத்த கடினம். எடையோ மிகுதி. சாதாரண வெண்மணல் நீரைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேற்பட்ட பாரமுடையது. மொனசைட்டோ நீரைப் போல் ஐந்து மடங்கு பாரமுடையது. இந்த எடை மிகுதியே அதனைப் புல்மோட்டைக் கரையிலே கொண்டுவந்து சேர்த்தது.

எவ்வாறு சேர்த்தது என்பதை நம் உழவர்க்கு விளக்க நீண்ட பாடம் வேண்டியதில்லை. சுளகு பிடித்துப் புடைப்பவர் அறிவர்: பதர் முன்னே பறக்கும், மணி பின்னே தங்கும். அரிசி அரிக்கும் தாய்மார் அறிவர்: அரிசி நீரோடு செல்லும்; கல் அடியிலே நிற்கும். கடலலை செய்யும் தொழிலும் அதுவே. உள்நாட்டு மலைகளின் பழம்பாறைகள் மழையாலும் வெயிலாலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேய்ந்து துகளாயின. ஆறுகள் அத்துகளைக் கடலுக்குச் சுமந்தன. கடல் நீரோட்டமும் வாடைக் காலத்துப் பேரலையும் அதனைக் கரைமேல் எறிந்து, மெல்லிய வெண்மணலைத் திருப்பி இழுத்துச் சென்றன. பாரமான மணிகள் கரையிலே தங்கின. அவ்வாறு தங்கியவற்றுள் பெரும்பங்கு இல்மனைற்று; அடுத்து உரூத்தைல், சிர்க்கோன்; ஒரு சிறு பங்கு மொனசைட்டு. மாரிதோறும் கடல் புதுமணலைக் கொண்டுவந்து இட்டுச் செல்வதனால், அள்ளிய இடம் ஓரளவு நிரம்புகிறது என்பதும் புல்மோட்டையின் சிறப்பு.

இம்மணியினுள்ளே ஒரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. தோரியம் சிறிது சிறிதாகச் சிதைந்து ஈயமாக மாறும். அதிற் பாதி சிதைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் செல்லும். ஈயத்தின் அளவைக் கொண்டு கனியத்தின் அகவையைக் கணிக்கின்றனர் அறிஞர். அவ்வாறு கணித்தபோது, இலங்கையின் பழம்பாறைகள் பெருவெப்பத்திலே உருமாறிய காலம் 55 கோடி முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது எனத் தெரிய வந்தது. அக்காலத்தே இத்தீவும் தென்னிந்தியாவும் மடகாசுகரும் அந்தாட்டிக்காவும் ஒரே பெருநிலமாய் ஒட்டிக் கிடந்தன. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலும், கேரளத்துச் சவறை மணலும், நமது புல்மோட்டை மணலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றால் அது மிகையன்று.

விளக்கிலிருந்து விசையாழி வரை

இக்கனியத்துக்கு உலகம் மதிப்பளித்த வரலாறு படிப்பினை நிறைந்தது. 1880களிலே ஒசுத்திரிய நாட்டு வெல்சுபாக்கு என்பார் வாயு விளக்குக்கு ஒளிவலை ஒன்றைக் கண்டுபிடித்தார். பின்னர் அவ்வலை தோரியம் ஒட்சைட்டு 99 பங்கும் சீரியம் ஒட்சைட்டு 1 பங்குமாக அமைந்தது. நம் வீட்டுத் திருமணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒளிவீசிய பெற்றோமாக்சு விளக்கின் வெள்ளை வலை அதுவே. உலகத்து நகரங்களெல்லாம் அவ்வலைக்காகத் தோரியம் தேடின. அதன் வாணிகத்தைச் செருமனியர் தம் கைக்குள் வைத்திருந்தனர்.

1909 ஆம் ஆண்டிலே சொம்பேர்க்கு என்னும் செருமனியர் திருவிதாங்கூர்க் கரையிலே மொனசைட்டைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றிலும் தும்பிலும் ஒட்டியிருந்த மணலைக் கண்டே அவர் தேடிவந்தார் என்பர். கயிறு திரித்த நம்மவர் அம்மணலை உதறிவிட்டனர். வாங்கியவன் அதை எடுத்துச் சோதித்தான். இந்த ஒரு நிகழ்ச்சியிலே ஆசியாவின் நூற்றாண்டுத் துயரம் முழுதும் அடங்கியிருக்கிறது. பொருள் நம்முடையது, அறிவு பிறனுடையது, ஆதாயமும் பிறனுடையதே.

இலங்கையிலே அவ்வறிவு இல்லாமற் போகவில்லை. 1903 முதல் 1906 வரை இந்நாட்டின் கனியவள ஆய்வுப் பகுதிக்கு முதற்பணிப்பாளராய் இருந்தவர் யார்? சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர், பின்னாளிற் கலையுலகம் போற்றிய ஆனந்த குமாரசுவாமியே. சிவநடனத்தின் தத்துவத்தை மேல்நாட்டுக்கு விளக்கிய அப்பெருமகனார் முதலிற் கல்லையும் மணலையும் ஆராய்ந்த நிலவியலாளர். 1904 இல் சப்பிரகமுவாவிலிருந்து கிடைத்த கரிய கனமான கனியம் ஒன்று அவர் காலத்திலேயே ஆய்வுக்கு அனுப்பப்பட்டுத் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. அந்தப் பரம்பரையிலே வந்த நாம், நூறாண்டு கடந்தும், நம் கரையிலே கிடப்பது என்னவென்று பிறரிடம் கேட்டு நிற்பது முறையோ?

அதன்பின் மின்விளக்கு வந்தது. வாயு விளக்கு மறைந்தது. தோரியத்தின் விலை சரிந்தது. ஆனால் மொனசைட்டின் கதை அத்துடன் முடியவில்லை. முன்பு குப்பையெனத் தள்ளப்பட்ட அருமண் மூலகங்களே இன்று தலைமை பெற்றுள்ளன. நியோடிமியமும் இரும்பும் போரனும் சேர்ந்த காந்தம் 1980களிலே தோன்றியது. மின்காரின் இயந்திரத்திலும், காற்றாலையின் விசையாழியிலும், கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும் அக்காந்தமே உள்ளது. இவற்றைப் பிரித்தெடுக்கும் தொழிலிலே சீனம் ஏறத்தாழத் தனியாட்சி செலுத்துகின்றது. 2010 இலே ஜப்பானுடன் பிணக்கு மூண்டபோது அது ஏற்றுமதியை இறுக்கியது. 2025 ஏப்பிரலிலே ஏழு அருமண் மூலகங்களுக்கு ஏற்றுமதி உரிமக் கட்டுப்பாடு விதித்தது. பெருந்தொழிற்சாலைகள் நடுங்கின. உலகெங்கும் மொனசைட்டைத் தேடி ஆட்கள் புறப்பட்டுவிட்டனர். தேடுவோர் புல்மோட்டைக் கதவைத் தட்ட நெடுநாள் செல்லாது.

கணக்குப் பார்ப்போம்

இங்கே நாம் உணர்ச்சி வயப்படலாகாது. புல்மோட்டைத் தோரியத்தால் இலங்கை நாளையே செல்வத்திலே மிதக்கும் என்று மேடையிலே முழங்குவோர் உளர். அவர்களை நம்பற்க. மணலின் பாரக் கனியங்களிலே ஆயிரத்துக்கு மூன்று பங்கு மொனசைட்டு என்று கொள்வோம். 1,00,000 தொன் கனியத்தில் அது 300 தொன். அதிலே அருமண் ஒட்சைட்டு ஏறத்தாழ 170 தொன். அதில் ஐந்திலொரு பங்கு நியோடிமியமும் பிரசியோடிமியமும். அதாவது 34 தொன். காந்தத்தின் எடையில் நூற்றுக்கு 30 பங்கு இவை வேண்டும் என்றால், சேதம் போக 100 தொன் காந்தம் செய்யலாம். ஒரு மின்காருக்கு 2 கிலோ காந்தம் என வைத்தால் 50,000 கார்களுக்குப் போதும்.

இது சிறு பொருளன்று. ஆயினும் மலையுமன்று. 2024 இல் சீனம் தன் சுரங்கங்களுக்கு விதித்த ஓராண்டு ஒதுக்கீடு 2,70,000 தொன் அருமண் ஒட்சைட்டு. அதனோடு 170 தொன்னை ஒப்பிட்டால் நம் நிலை விளங்கும். தோரியத்தைப் பற்றியும் உண்மை பேசுவோம். கல்பாக்கத்திலே தோரியத்திலிருந்து பிறந்த யுரேனியம் 233 ஐக் கொண்டு இயங்கும் காமினி என்னும் சிறு ஆய்வு உலை 1996 முதல் உண்டு. ஆனால் தோரியத்தையே முதன்மை எரிபொருளாகக் கொண்டு வணிக முறையில் மின்சாரம் விற்கும் அணுவுலை இன்று உலகில் ஒன்றும் இல்லை. எனவே தோரியக் கனவை விற்று வாக்குப் பெற எண்ணுவோரும் ஏமாற்றுக்காரரே. மொனசைட்டு வெறுங்கழிவு என்று சொல்லிக் குறைந்த விலைக்குத் தள்ள எண்ணுவோரும் ஏமாற்றுக்காரரே.

இரண்டாவது ஏமாற்று எவ்வாறு நிகழக்கூடும்? கனியங்களைப் பிரிக்கும் முறையை நோக்குக. காந்தம் இல்மனைற்றை வலிந்து இழுக்கும். மின்புலம் உரூத்தைலைப் பிரிக்கும். ஏனெனில் அது மின் கடத்தும். சிர்க்கோன் காந்தத்துக்கும் இசையாது, மின்னையும் கடத்தாது. மொனசைட்டோ மின் கடத்தாது; ஆனால் வலிய காந்தத்துக்கு மட்டும் மெல்ல இசையும். ஆகவே அது பெரும்பாலும் கடைசிக் கட்டத்திலே, பிற கனியங்கள் நீங்கிய மிச்சத்திலே தங்குகின்றது. மிச்சம் என்ற பெயர் வந்தவுடன் விலை விழும். அந்த மிச்சக் குவியலிலே மொனசைட்டு ஆயிரத்துக்கு மூன்றாக இராது, பன்மடங்கு செறிந்திருக்கும். சோதனை இன்றி அதைக் கப்பலேற்றினால், வாங்குபவன் சிர்க்கோனுக்கு விலை கொடுத்து நியோடிமியத்தை இலவசமாகப் பெறுவான். தும்பிலே ஒட்டிய மணலின் கதை மீண்டும் நிகழும்.

பொசுபேற்று என்றாற் பசளைதானே?

பொசுபேற்று என்ற சொல்லைக் கேட்டவுடன் உழவன் காது நிமிர்வது இயல்பு. 2021 ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளைக்குத் தடை விழுந்தபோது வயல்கள் பட்ட பாட்டை எவரும் மறக்கவில்லை. திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய், மூதூர், கிண்ணியா வயல்களுக்குப் புல்மோட்டைப் பொசுபேற்று உதவாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. விடை: நேரே உதவாது. மொனசைட்டு நீரிலே கரையாதது. மண்ணின் மென்காடியிலும் கரையாதது. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆற்றிலும் கடலிலும் கிடந்தும் அழியாமைக்குக் காரணம் அதுவே. வயலிலே தூவினால் நெற்பயிர்க்கு ஒரு பயனும் இராது. கதிர்வீச்சுடைய பொருளை வயலிலே பரப்பிய குற்றமே மிஞ்சும். காரச்சோடாவுடன் சூடேற்றிச் சிதைக்கும்போதுதான் பொசுபேற்றுப் பிரியும். அதுவும் முச்சோடியம் பொசுபேற்றாகப் பிரிந்து சவர்க்காரத் தொழிலுக்கும் நீர் தூய்மைக்கும் பயன்படும்.

உழவனுக்குரிய பொசுபேற்று வேறோர் இடத்திலே உண்டு. 1971 இல் அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே அப்பற்றைற்றுப் படிவு கண்டறியப்பட்டது. அதன் கதை நமக்குப் பெரும்பாடம். 1990களிலே அப்படிவை அந்நிய நிறுவனங்களுக்கு ஒப்படைக்கும் திட்டம் ஒன்று உருவாயிற்று. எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றவர் யாவர்? பெரும் பிரபுக்கள் அல்லர். எப்பாவலைப் பகுதியைச் சேர்ந்த ஏழு பேர். அவர்களுள் உழவர் இருந்தனர். ஊர் விகாரையின் தலைமைத் தேரர் இருந்தார். 2000 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இயற்கை வளம் மக்களுக்காக அரசு காக்கும் பொறுப்பு என்பது அத்தீர்ப்பின் சாரம். அப்பற்றைற்றும் பிற பொசுபேற்றுக் கனியங்களும் எங்கே, எவ்வளவு, எத்தரத்தில் உள்ளன என்பதை முறையாக ஆராய்ந்து, முடிவை வெளியிட்ட பின்னரே அத்திட்டம் பற்றிப் பேசலாம் என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது.

வழக்கு எப்பாவலையைப் பற்றியது; உண்மை. ஆனால் நியாயம் எப்பாவலையோடு நின்றுவிடுமோ? மொனசைட்டும் ஒரு பொசுபேற்றுக் கனியமே. அநுராதபுரத்துச் சிங்கள உழவனுக்குக் கிடைத்த நியாயம், புல்மோட்டையின் முசுலிம் மீனவனுக்கும், திரியாயின் தமிழ் விவசாயிக்கும் உரியதன்றோ? முதலில் அள, அளந்ததை ஊரறியச் சொல், பின்னரே விலை பேசு. இதுவே எப்பாவலை நமக்கு விட்டுச்சென்ற விதி.

பயமும் பாதுகாப்பும்

கதிர்வீச்சு என்ற சொல் இருவகைத் தீங்கு செய்கின்றது. ஒரு சாரார் அளவுக்கு மீறி அஞ்சுகின்றனர். மற்றொரு சாரார் அஞ்ச வேண்டியதற்கும் அஞ்சுவதில்லை. கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கரையிலே மொனசைட்டு மணல்மீது தலைமுறை தலைமுறையாய் மக்கள் வாழ்கின்றனர். அம்மக்களை நெடுங்காலம் ஆராய்ந்து 2009 இல் வெளியான முடிவு, அங்குள்ள இயற்கைக் கதிர்வீச்சினாற் புற்றுநோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை என்றது. கரையிலே நடப்பவர் நடுங்க வேண்டுவதில்லை என்பதற்கு அது ஆறுதல்.

ஆனால் ஆலைக்குள் நிலைமை வேறு. உலர் மணலைப் பிரிக்குமிடத்தே எழும் தூசியைச் சுவாசிப்பது தோரியத்தை நெஞ்சுக்குள் குடியேற்றுவதாகும். மொனசைட்டை இரசாயன முறையிலே சிதைக்கும் ஆலை இன்னும் பெரும் பொறுப்புக் கோருவது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலே, ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில், 1982 இலிருந்து அத்தகைய ஆலை ஒன்று இயங்கியது. கதிர்வீச்சுடைய கழிவை எங்கே வைப்பது என்பதை ஆலை எழுமுன் தீர்க்காததனால் மக்கள் கிளர்ந்தனர். 1992 இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடக் கட்டளையிட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலே அக்கட்டளை நீக்கப்பட்டதாயினும், ஆலை 1994 இல் மூடப்பட்டது. கழிவை அகற்றிப் புதைக்கும் வேலை அதன்பின் பல்லாண்டு நீடித்தது. ஈட்டிய ஆதாயம் போயிற்று. ஊரார் மனத்திலே அச்சம் மட்டும் நின்றது. அப்பாடத்தைப் படியாமல் எவரேனும் திருகோணமலையிலே மொனசைட்டு ஆலை என்று அடிக்கல் நாட்ட வருவாராயின், மாவட்டத்து மக்கள் வரவேற்பு வளைவு கட்ட ஓடற்க. கழிவு எங்கே என்ற கேள்வியை முதலிற் கேட்க.

இந்தியாவின் வழியையும் நோக்குவோம். விடுதலை பெற்ற இந்தியா மொனசைட்டு ஏற்றுமதியைத் தடுத்தது. 1950 இல் இந்திய அருமண் நிறுவனத்தை நிறுவியது. 1952 இல் ஆலுவாயிலே பதன ஆலையைத் திறந்தது. மொனசைட்டு அரசின் கட்டுக்குள்ளேயே இன்றுவரை இருந்து வருகிறது. அந்நாட்டின் அணுக்கனியத் தேடலுக்கு 1949 இலிருந்து தலைமை தாங்கிய வாடியா என்பார், அதற்கு முன் 1938 முதல் 1944 வரை இலங்கை அரசின் கனியவியலாளராய் இருந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் கண்ட கரைகள் இரண்டு. ஒரு கரையிலே ஆலை எழுந்தது. மற்றக் கரையிலே?

மற்றக் கரையிலே 1957 இல் அரசு கனிய மணற் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. 1961 இல் இல்மனைற்று உற்பத்தி தொடங்கிற்று. 1992 இல் அது அரசுக்குச் சொந்தமான கம்பனியாக மாறியது. 1984 இல் அண்டை ஊர்களான தென்னமரவடி, கொக்கிளாய் மக்கள் போரால் இடம்பெயர்ந்தனர். 1997 செப்டம்பரிலே புல்மோட்டைக் கடலிற் கனியம் ஏற்றிய கப்பல் தாக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். தொழில் நெடுங்காலம் முடங்கியது. போர் 2009 இல் முடிந்தது. ஆனாலும் மணலின் பெரும்பங்கு இன்றும் கனியமாகவே கப்பலேறுகின்றது. அதிலிருந்து பிறந்த வெண்ணிறச் சாயத்தை நம் வீட்டுச் சுவருக்கு நாமே பன்மடங்கு விலை கொடுத்து வாங்குகின்றோம்.

நாம் கேட்பவை

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டம் நிலத்தடிக் கனியத்தின் உடைமையைக் குடியரசிடம் வைத்தது. குடியரசு என்பது கொழும்பிலுள்ள அலுவலகம் மட்டுமன்று. குச்சவெளிப் பிரதேசத்துக் குடிமகனும் அக்குடியரசே. அந்த உரிமையோடு ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, புல்மோட்டை மணலிலே மொனசைட்டு எவ்வளவு, அதிலே அருமண்ணும் தோரியமும் எத்தனை பங்கு என்பதைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் பகுதி பகுதியாக அளந்து, ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். ஒப்பந்தக்காரனுக்குத் தெரிந்த எண் ஊரானுக்கும் தெரிய வேண்டும்.

இரண்டாவது, கலப்புக் கனியமாயினும் மிச்ச மணலாயினும், மொனசைட்டின் அளவைச் சோதித்து எழுதாமல் ஒரு மூடை தானும் துறைமுகத்தை விட்டு வெளியேறலாகாது. நல்ல விலையும் நல்ல தொழில்நுட்பமும் கிடைக்கும்வரை பிரித்தெடுத்த மொனசைட்டை, 2014 ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டப்படி அமைந்த ஒழுங்குறுத்துகைப் பேரவையின் கண்காணிப்பிலே பத்திரப்படுத்துக. அது அழுகும் பண்டமன்று. 55 கோடி ஆண்டு காத்திருந்த மணி, இன்னும் பத்தாண்டு காத்திருப்பதாற் குறைந்துபோகாது.

மூன்றாவது, ஆலைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் பெறும் கதிர்வீச்சின் அளவும், ஆலைத் தூசியின் அளவும் பதியப்பட வேண்டும். அப்பதிவைத் தொழிலாளி தன் மொழியிலே பார்க்கும் உரிமை வேண்டும். குடிநீர்க் கிணறுகளும் சோதிக்கப்பட வேண்டும்.

நான்காவது, மணல் அள்ளுவதன் வேகம் கடல் நிரப்பும் வேகத்தை மிஞ்சலாகாது. மிஞ்சினாற் கரை அரிக்கும். கரைவலை இழுப்போர்க்கு நிலமிராது. மன்னார்த் தீவிலே கனிய மணல் அகழ்வுக்கெதிராக மக்கள் எழுந்து நிற்பதன் காரணம் இந்த அச்சமே. கரையை அளக்கும் பணியிலே மீனவர் சங்கங்களுக்கு இடம் வேண்டும்.

ஐந்தாவது, விற்பனையிலிருந்து வரும் அரச உரிமைப் பணத்தின் ஒரு பங்கு, மணல் எடுக்கப்படும் பிரதேசத்துக்கே திரும்ப வேண்டும். அப்பணத்தால் முதலில் எழ வேண்டியது சிலையன்று, ஆய்வுகூடம். திருகோணமலையிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் உண்டு. கனியம் பிரிக்கும் கலையையும், கதிர்வீச்சு அளக்கும் கலையையும் நம் இளைஞர் அங்கே கற்கட்டும். தும்பை உதறிய கை, நாளை நுணுக்குக்காட்டியைப் பிடிக்கட்டும்.

இவற்றுள் எதுவும் பெருநிதி வேண்டும் கோரிக்கையன்று. அளத்தலும், எழுதுதலும், சொல்லுதலுமே நாம் கேட்பவை. ஆலை வேண்டுமோ வேண்டாமோ, அந்நியர் வரலாமோ வரலாகாதோ, இன்று விற்பதோ நாளை விற்பதோ என்ற விவாதங்கள் அதன்பின் வரட்டும். அளவு தெரியாதவன் நடத்தும் விவாதம் இருட்டிலே நடத்தும் பேரம்.

கற்றறிந்தோர்க்கு ஒரு வேண்டுகோள். பொறியியலாளரும் மருத்துவரும் சட்டத்தரணிகளும் ஆசிரியரும் இம்மணலைப் பற்றித் தமிழிலே எழுதுக. ஊர் ஊராகச் சென்று பேசுக. உழவர்க்கும் மீனவர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிரதேச சபைக் கூட்டத்திலே, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் முன்னிலையிலே, ஒரேயொரு கேள்வியை எழுப்புங்கள்: எங்கள் மணலிலே மொனசைட்டு எத்தனை தொன்? கடந்த ஆண்டு கப்பலேறியது எத்தனை தொன்? விடை வரும்வரை அக்கேள்வி ஓயலாகாது. எப்பாவலையில் ஏழு பேர் கேட்டனர். நாடே திரும்பிப் பார்த்தது. புல்மோட்டையில் ஏழு ஊர்கள் கேட்டால் விடை வராமற் போகுமோ?